இன்வெர்ட்டருக்கு நிறைவயிறு, ஸ்கூட்டருக்கு அரைவயிறு

கோடை விடுமுறை நெருங்கும்போது என்னிடம் வரும் கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே மாதிரி இருக்கும். "பதினைந்து நாள் ஊருக்குப் போகிறோம். இன்வெர்ட்டரை அணைத்துவிட்டுப் போகலாமா? ஸ்கூட்டரை முழுக்கச் சார்ஜ் ஏற்றி நிறுத்திவிட்டுப் போகலாமா?" இரண்டுக்கும் என் பதில் ஒன்றுதான்: வேண்டாம். இன்வெர்ட்டரை அணைக்காதீர்கள், அதன் பேட்டரி நிறைந்தே இருக்கட்டும். ஸ்கூட்டரை நிறைக்காதீர்கள், பாதிக்குக் கொஞ்சம் மேலே ஏற்றி நிழலில் விட்டுவிட்டுப் போங்கள்.

இரண்டும் பேட்டரிதானே, ஒன்றுக்கு ஒரு நியாயம், இன்னொன்றுக்கு ஒரு நியாயமா என்று கேட்கிறார்கள். ஆமாம், அப்படித்தான். மாடிப்படிக்கு அடியில் உட்கார்ந்திருக்கும் இன்வெர்ட்டர் பேட்டரி ஈயமும் கந்தக அமிலமும் சேர்ந்தது. வாசலில் நிற்கும் மின்ஸ்கூட்டரிலும் சட்டைப்பையில் இருக்கும் செல்போனிலும் இருப்பது லித்தியம். உள்ளே நடக்கும் வேதிவினையே வேறு. ஈய பேட்டரி காலியாகக் கிடந்தால் கெடும். லித்தியம் பேட்டரி நிரம்பிக் கிடந்தால் கெடும். ஒன்றுக்குப் பழகிய பழக்கத்தை மற்றதற்கும் கடைப்பிடிப்பதால், ஐந்து வருடம் உழைக்க வேண்டிய பேட்டரி இரண்டே வருடத்தில் எக்ஸ்சேஞ்சுக்குப் போகிறது. நடுத்தரக் குடும்பத்துக்கு இது சின்னச் செலவே இல்லை. அதனால் இந்த முறை கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் ஆற்றல் எங்கிருந்து வருகிறது என்பதைப் பார்த்துவிடுவோம். எந்த வேதிவினையிலும் பழைய பிணைப்புகளை முறிக்க ஆற்றல் செலவாகும். புதிய பிணைப்புகள் உருவாகும்போது ஆற்றல் வெளிப்படும். செலவானதைவிட வெளிப்பட்டது அதிகமானால் மிச்சம் நமக்குக் கிடைக்கும். பெட்ரோல் எரியும்போது அந்த மிச்சம் முழுக்க வெப்பமாக வெளிவருகிறது. அந்த வெப்பத்தில் ஏறக்குறைய கால் பங்கைத்தான் எஞ்சினால் சக்கரத்தின் சுழற்சியாக மாற்ற முடிகிறது. மற்றது சைலன்சர் வழியாகவும் எஞ்சின் சூடாகவும் போய்விடுகிறது. பேட்டரியில் எரிதல் கிடையாது. எலக்ட்ரானைக் கொடுக்கும் பொருளும் வாங்கும் பொருளும் ஒன்றையொன்று தொடாதபடி உள்ளே பிரித்துவைக்கப்பட்டிருக்கின்றன. எலக்ட்ரான் ஒன்றிலிருந்து மற்றதற்குப் போக வேண்டுமானால் வெளியே உள்ள கம்பி வழியாகத்தான் போயாக வேண்டும். போகிற வழியில் மின்விசிறியையோ மோட்டாரையோ வைத்து வேலை வாங்கிக்கொள்கிறோம். வெப்பமாக மாறும் இடைப்படி இங்கே இல்லை.

இதன் லாபம் கணக்கில் தெரியும். ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறக்குறைய 9 யூனிட் ஆற்றல் இருக்கிறது. 3 யூனிட் பேட்டரி வைத்த மின்ஸ்கூட்டர் சுமக்கும் ஆற்றல் மூன்றில் ஒரு லிட்டர் பெட்ரோலுக்குச் சமம். அவ்வளவு பெட்ரோலில் ஒரு சாதாரண ஸ்கூட்டர் 15 கிலோமீட்டர் போகலாம். மின்ஸ்கூட்டர் 100 கிலோமீட்டரை நெருங்குகிறது.

சார்ஜ் ஏற்றுவது என்றால் அதே வினையைப் பின்னோக்கித் தள்ளுவது. வெளியிலிருந்து ஆற்றலைக் கொடுத்து, இறங்கியதை மறுபடி ஏற்றுகிறோம். ஆனால் ஒவ்வொரு ஏற்ற இறக்கத்திலும், சும்மா கிடக்கும்போதும்கூட, நாம் கேட்காத சில பக்கவினைகள் ஓரத்தில் நடந்துகொண்டே இருக்கும். பேட்டரியின் ஆயுள் அந்தப் பக்கவினைகளின் கையில்தான் இருக்கிறது. அவை எப்போது வேகமெடுக்கும் என்பதில்தான் ஈயமும் லித்தியமும் பிரிகின்றன.

ஈய பேட்டரி ஏன் பட்டினி தாங்காது

இன்வெர்ட்டர் பேட்டரியில் ஆறு அறைகள். ஒவ்வொன்றிலும் ஈய டையாக்சைடு பூசிய தகடுகளும் நுண்துளைகள் நிறைந்த ஈயத் தகடுகளும் நீர்த்த கந்தக அமிலத்தில் மூழ்கியிருக்கின்றன. மின்சாரம் எடுக்கும்போது இரண்டு வகைத் தகடுகளுமே ஈய சல்பேட்டாக மாறுகின்றன. அமிலம் செலவாகி நீர் உண்டாகிறது. அறைக்குச் சுமார் 2 வோல்ட், ஆறும் சேர்ந்து 12 வோல்ட். பிரான்ஸில் கஸ்தோன் பிளான்தே 1859-ல் செய்து காட்டிய அதே வினைதான் இன்றும் நம் வீட்டில் நடக்கிறது.

புதிதாக உண்டான ஈய சல்பேட் மிக நுண்ணிய படிகங்களாக இருக்கும். சீக்கிரம் சார்ஜ் ஏற்றினால் அது திரும்பவும் ஈயமாகவும் ஈய டையாக்சைடாகவும் மாறிவிடும். காலியான பேட்டரியை அப்படியே போட்டுவைத்தால் நுண்படிகங்கள் கரைந்து பெரிய படிகங்களின் மேல் படியும். நாளாக ஆக அவை கெட்டிப்படும். ஈய சல்பேட் மின்சாரத்தைக் கடத்தாத பொருள். படிகம் பெரிதானால் வினை நடக்கும் மேற்பரப்பும் குறைந்துபோகும். அப்புறம் எவ்வளவு நேரம் சார்ஜில் போட்டாலும் அந்தப் பகுதி திரும்பாது. "பேட்டரி சல்பேட் ஆயிடுச்சுங்க" என்று மெக்கானிக் சொல்வது இதைத்தான். முழுக்க இறங்கிய பேட்டரியை வாரக்கணக்கில் விட்டாலே இந்தச் சேதம் தொடங்கிவிடும்.

பேட்டரி தானாகவும் இறங்கும். எதுவும் இணைக்காமல் வைத்தாலும் மாதத்துக்கு 3 முதல் 5 சதவீதம் போகும், வெயில் காலத்தில் இன்னும் கூடுதல். இன்வெர்ட்டர் இணைந்திருந்தால் அதன் சர்க்யூட்டும் கொஞ்சம் குடித்துக்கொண்டிருக்கும். அதனால்தான் ஊருக்குப் போகும்போது ஈபி மின்சாரம் வந்துகொண்டிருக்கும் வரை இன்வெர்ட்டரை அணைக்க வேண்டாம் என்கிறேன். பேட்டரியை அது நிறைவாகப் பிடித்துவைத்திருக்கும். கிளம்புவதற்கு முன் தண்ணீர் மட்டத்தை மட்டும் பார்த்துவிடுங்கள்.

மெயினையே அணைத்துவிட்டு மாதக்கணக்கில் வெளிநாட்டுக்குப் போகிறவர்கள், முதலில் பேட்டரியை முழுக்கச் சார்ஜ் ஏற்றி, பிறகு எதிர்முனை வயரைக் கழற்றிவிட்டுப் போக வேண்டும். பக்கத்து வீட்டிலோ உறவிலோ ஒருவரிடம் சாவி கொடுத்து, மாதம் ஒருமுறை வயரை மாட்டி ஒரு நாள் சார்ஜில் போடச் சொல்லுங்கள். இதற்குக் கூச்சப்பட வேண்டாம். திரும்பி வரும்போது செத்த பேட்டரியோடு மல்லுக்கட்டுவதற்கு இது மேல்.

எதிர்ப்பக்கத்துத் தவறும் உண்டு. கரன்ட் கட்டே இல்லாத பகுதியில் பேட்டரி வருடக்கணக்கில் நிறைந்தபடியே இருக்கும். அசைவில்லாமல் இருந்தால் அடர்த்தியான அமிலம் அடியிலும் நீர்த்தது மேலேயும் தங்கும், தகடுகளின் அடிப்பகுதி அரிக்கப்படும். மாதம் ஒருமுறை மெயினை அணைத்து, ஓரிரு மணி நேரம் வீட்டை பேட்டரியில் ஓட்டுங்கள். பிறகு முழுக்கச் சார்ஜ் ஏறும்போது எழும் குமிழிகள் அமிலத்தைக் கலக்கிவிடும். பேட்டரியின் உண்மை நிலையும் உங்களுக்குத் தெரிந்துவிடும்.

தண்ணீர் விஷயம்

மிகை சார்ஜில் நீர் ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரிந்து மேலே போய்விடும். தகடுகள் நிறைந்த பிறகு ஏறும் ஒவ்வொரு ஆம்பியர்-மணிக்கும் ஆறு அறைகளும் சேர்ந்து ஏறக்குறைய 2 கிராம் நீரை இழக்கின்றன. அமிலம் ஆவியாவதில்லை, அது உள்ளேயே இருக்கிறது. ஆகவே ஊற்ற வேண்டியது டிஸ்டில்டு வாட்டர் மட்டும். "கொஞ்சம் ஆசிட் சேர்த்தா பேக்கப் கூடும்" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். இரண்டு நாள் கூடுவதுபோல் தெரியும், பிறகு தகடு அரித்துப்போகும்.

ஆர்.ஓ. தண்ணீர் குடிக்க நல்லது, பேட்டரிக்கு ஆகாது. அதில் குளோரைடும் வேறு உப்புகளும் மிச்சமிருக்கும். ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரைப் பிடித்து ஊற்றும் பழக்கம் நம் ஊரில் பரவியிருக்கிறது. பார்க்கச் சுத்தமாக இருக்கும் அந்தத் தண்ணீர், ஏசியின் செம்பு, அலுமினியப் பாகங்களையும் அவற்றின் மேலுள்ள தூசியையும் கழுவிக்கொண்டு வருவது. செம்பு, இரும்பு போன்ற உலோகங்கள் தகட்டின் மேல் படிந்தால் பேட்டரி தானாக இறங்கும் வேகம் கூடிவிடும். சில பத்து ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய் பேட்டரியையே இழக்க வேண்டாம்.

ஊற்றும் நேரமும் முக்கியம். சார்ஜ் ஏறி முடிந்த பிறகு ஊற்றுங்கள். இறங்கிய நிலையில் மட்டம் தாழ்ந்திருக்கும். அப்போது மேல் கோடு வரை நிரப்பினால், சார்ஜ் ஏறும்போது அமிலம் பொங்கி டெர்மினல் மேல் வழியும். தகடு வெளியே தெரியும் அளவுக்கு வற்றியிருந்தால் மட்டும், தகடு மூழ்கும்வரை ஊற்றி, சார்ஜ் ஏற்றி, மீதியைப் பிறகு ஊற்றுங்கள்.

அந்த ஹைட்ரஜனை லேசாக எண்ணாதீர்கள். முன்னால் சொன்ன ஒவ்வொரு ஆம்பியர்-மணி மிகை சார்ஜும் இரண்டரை லிட்டருக்கு மேல் ஹைட்ரஜனை வெளியிடும். காற்றில் ஹைட்ரஜன் 4 சதவீதம் சேர்ந்தாலே ஒரு பொறி போதும். கதவு மூடிய அலமாரிக்குள் பேட்டரியை வைக்கக் கூடாது. பூஜை விளக்குக்குப் பக்கத்தில் கூடவே கூடாது. ஸ்பேனர் பிடிக்கும் முன் மோதிரம், வளையலைக் கழற்றிவிடுங்கள். கழற்றும்போது எதிர்முனை முதலில், மாட்டும்போது அது கடைசியில். அமிலம் தரையில் சிந்தினால் ஆப்பச் சோடாவைத் தூவி, நுரை அடங்கியதும் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். கண்ணில் பட்டால் பதினைந்து நிமிடமாவது ஓடும் தண்ணீரில் கழுவிக்கொண்டே இருந்து, பிறகு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். பேட்டரிப் பக்கம் அழுகிய முட்டை நாற்றம் அடித்தால் ஒரு செல் பழுதாகி மிகை சார்ஜில் வேகிறது என்று அர்த்தம். அது ஹைட்ரஜன் சல்பைடு, நச்சு வாயு. இன்வெர்ட்டரை அணைத்து, ஜன்னலைத் திறந்து, மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

எல்லா வீட்டிலும் ஒரு ஹைட்ரோமீட்டர் இருக்க வேண்டும் என்று நான் வற்புறுத்திச் சொல்வேன். அமிலத்தின் அடர்த்தியைக் காட்டும் சின்னக் கண்ணாடிக் குழாய், விலையும் குறைவு. வினையில் அமிலம் செலவாவதால், அடர்த்தியைப் பார்த்தாலே எவ்வளவு சார்ஜ் மிச்சம் என்று தெரிந்துவிடும். இன்வெர்ட்டர் ட்யூபுலர் பேட்டரியில் முழுச் சார்ஜில் பெரும்பாலும் 1.240 அருகே காட்டும், காலியானால் 1.120 அருகே. ஆறு அறைகளையும் தனித்தனியே பாருங்கள். ஐந்து அறைகள் 1.230 காட்டி ஒன்று மட்டும் 1.150 காட்டினால் "செல் அடிச்சிருக்கு". வாரன்டி இருந்தால் அந்த எண்களைக் குறித்துக்கொண்டு கடைக்குப் போங்கள். "பேக்கப் குறைஞ்சிருச்சு" என்று மட்டும் சொல்வதைவிட அது பேசும்.

எத்தனை மணி நேரம் ஓடும்?

150 ஆம்பியர்-மணி, 12 வோல்ட் என்றால் பெருக்கி வரும் 1800 வாட்-மணி. அதாவது 1.8 யூனிட். முழுவதையும் எடுக்கக் கூடாது. 80 சதவீதத்தோடு நிறுத்தினால் 1440. இன்வெர்ட்டரிலேயே கொஞ்சம் வெப்பமாகப் போகும். கைக்கு வருவது சுமார் 1200 வாட்-மணி. பழைய மின்விசிறி ஒன்று 75 வாட். இரண்டு விசிறியும் நாலு எல்.இ.டி. விளக்கும் வைஃபையும் சேர்த்தால் 200 வாட், ஆறு மணி நேரம். அந்த இரண்டு விசிறிகளையும் 30 வாட் பி.எல்.டி.சி. விசிறிகளாக மாற்றினால் மொத்தம் 110 வாட், பதினொரு மணி நேரத்தை நெருங்கும். இரண்டாவது பேட்டரி வாங்க யோசிப்பவர்கள் முதலில் விசிறியை மாற்றுங்கள். மாத மின்கட்டணமும் சேர்ந்து குறையும்.

மிக்ஸியும் கிரைண்டரும் பேட்டரியில் ஓட்ட வேண்டாம். வேகமாக எடுத்தால் தகட்டின் நுண்துளைகளுக்குள் அமிலம் போய்ச் சேர நேரம் போதாது. எழுதியிருக்கும் 150-ல் பாதிகூடக் கிடைக்காமல் போகலாம்.

ஈயம், லித்தியம் இரண்டுக்கும் பொதுவான எதிரி வெயில். வெப்பநிலை 10 டிகிரி கூடினால் பல வேதிவினைகளின் வேகம் ஏறக்குறைய இருமடங்காகும். நமக்கு வேண்டிய வினைக்கும் அது பொருந்தும், வேண்டாத பக்கவினைக்கும் பொருந்தும். 25 டிகிரியில் ஐந்து வருடம் இருக்கும் ஈய பேட்டரி, 35 டிகிரியில் இரண்டரை வருடத்துக்கு மேல் தாங்குவது கடினம். மொட்டைமாடித் தகர ஷெட்டில் பேட்டரி வைக்கிறவர்களிடம் நான் கெஞ்சிக் கேட்டுக்கொள்வது இதுதான்: கீழே இறக்குங்கள். அக்கினி நட்சத்திரத்தில் அந்த ஷெட்டுக்குள் ஐந்து நிமிடம் நின்று பார்த்தால் நான் சொல்வது புரியும்.

லித்தியத்துக்கு வேண்டியது

லித்தியம்-அயனி பேட்டரியை 1991-ல் சோனி விற்பனைக்குக் கொண்டுவந்தது. இதற்கு வழி செய்த ஜான் குடினஃப், ஸ்டான்லி விட்டிங்ஹாம், அகிரா யோஷினோ மூவருக்கும் 2019-ல் வேதியியல் நோபல் கிடைத்தது. இங்கே மின்முனைகள் கரைந்து வேறு பொருளாவதில்லை. சார்ஜ் ஏறும்போது லித்தியம் அயனிகள் நேர்முனையிலிருந்து புறப்பட்டு, எதிர்முனையில் உள்ள கிராஃபைட்டின் அடுக்குகளுக்கு இடையே போய் உட்காருகின்றன. இறங்கும்போது திரும்பி வருகின்றன.

கிராஃபைட் நிரம்ப நிரம்ப, அது சுற்றியுள்ள கரிமத் திரவத்தோடு வினைபுரியத் துடிக்கும். அந்த வினையால் கிராஃபைட்டின் மேல் மெல்லிய படலம் ஒன்று உருவாகிறது. ஓரளவுக்கு அந்தப் படலம் பாதுகாப்புத்தான், அது இல்லாமல் பேட்டரியே இயங்காது. ஆனால் அது தடித்துக்கொண்டே போகும்போது லித்தியத்தை விழுங்குகிறது. விழுங்கப்பட்ட லித்தியம் மறுபடி மின்சாரம் தராது. மறுபக்கம், நேர்முனையின் மின்னழுத்தம் உச்சத்தில் நிற்கும்போது அங்கேயும் திரவம் சிதைகிறது. 100 சதவீதச் சார்ஜில், வெயிலில், நாள்கணக்கில் நிறுத்திய வண்டியில் இந்த இரண்டும் ஒன்றாக நடக்கும். வண்டி ஓடவே இல்லை, ஆனாலும் ரேஞ்ச் குறைந்துவிட்டதே என்று கேட்பவர்களுக்கு இதுதான் விடை.

அன்றாட ஓட்டத்துக்கு 80 சதவீதம் போதும், 20-க்குக் கீழே இறக்காமல் மறுபடி ஏற்றுங்கள். நெடும் பயணம் இருந்தால் 100 ஏற்றலாம், தவறில்லை. கிளம்பும் நேரத்துக்கு நெருக்கமாக ஏற்றி முடியுங்கள், ஏற்றி இரண்டு நாள் நிறுத்திவைக்காதீர்கள். ஊருக்குப் போவதானால் 50, 60 சதவீதத்தில் விடுங்கள். முழுக்கக் காலியாகவும் விடக் கூடாது. அளவுக்குக் கீழே இறங்கிவிட்டால் உள்ளே உள்ள செம்புத் தகடு கரையத் தொடங்கும், பிறகு அதைச் சார்ஜ் ஏற்றுவதே ஆபத்து.

இதில் ஒரு விலக்கு. லித்தியம் இரும்பு பாஸ்பேட் என்ற எல்.எஃப்.பி. வகையில், சார்ஜ் பாதியாக இருந்தாலும் முக்காலாக இருந்தாலும் வோல்ட் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். எவ்வளவு மிச்சம் என்பதை பேட்டரியின் கண்காணிப்புச் சர்க்யூட் சரியாகக் கணிக்க அவ்வப்போது முழுக்க ஏற்ற வேண்டியிருக்கும். உங்கள் வண்டியின் கையேடு அப்படிச் சொன்னால் அதன்படியே செய்யுங்கள்.

ஓட்டிவந்த சூட்டோடு சார்ஜில் போடாதீர்கள். அரை மணி நேரம் ஆறட்டும். சார்ஜர் வண்டியோடு வந்ததாக இருக்க வேண்டும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வேண்டவே வேண்டாம். எர்த் சரியாக உள்ள, தளராத பிளக் பாயிண்ட் ஒன்றை எலக்ட்ரீஷியனை வைத்துத் தனியாகப் போட்டுக்கொள்ளுங்கள்.

எங்கே சார்ஜ் போடுகிறீர்கள் என்பதற்கு எல்லாவற்றிலும் அதிக கவனம் கொடுங்கள். 2022 மார்ச்சில் வேலூரில், இரவில் வீட்டில் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்த மின்ஸ்கூட்டர் தீப்பிடித்து, தந்தையும் மகளும் புகையில் மூச்சுத்திணறி இறந்தார்கள். தீ எதனால் பிடித்தாலும், லித்தியம் பேட்டரி சூடேறிவிட்டால் நடப்பது ஒன்றுதான். சுமார் 100 டிகிரிக்கு முன்பின்னாக அந்தப் பாதுகாப்புப் படலம் சிதைந்து வெப்பத்தை வெளியிடும். 130 டிகிரி அருகே இரண்டு முனைகளையும் பிரிக்கும் பிளாஸ்டிக் தாள் உருகும். இன்னும் ஏறினால் நேர்முனைப் பொருளே ஆக்சிஜனை வெளியிடும். ஒவ்வொரு படியும் வெப்பத்தைக் கொடுத்து அடுத்த படியைத் தூண்டுவதால் நடுவில் நிற்காது. வெளிக்காற்றை அடைத்தாலும் தீ அடங்காது. புகையில் ஹைட்ரஜன் ஃபுளோரைடு இருக்கும்.

ஆகவே வீட்டிலிருந்து வெளியேறும் வழியில், அதாவது வாசல் நடையிலோ மாடிப்படியிலோ, வண்டியைச் சார்ஜ் போடவே கூடாது. எல்லாரும் தூங்கும் நேரத்திலும் வேண்டாம். மாலையில் விழித்திருக்கும்போது போடுங்கள். கழற்றும் பேட்டரியானால் படுக்கையறையில் வைக்காதீர்கள். தீப்பிடித்தால் அணைக்க நிற்க வேண்டாம். எல்லாரையும் வெளியே கொண்டுவந்து, கதவைச் சாத்தி, 101-க்கோ 112-க்கோ கூப்பிடுங்கள்.

அந்த ஆண்டு நடந்த தீ விபத்துகளுக்குப் பிறகுதான் மத்திய அரசு ஏ.ஐ.எஸ். 156 என்ற பாதுகாப்புத் தரத்தைக் கடுமையாக்கியது. முதல் கட்டம் 2022 டிசம்பரிலும் இரண்டாம் கட்டம் 2023 மார்ச் இறுதியிலும் நடைமுறைக்கு வந்தன. பழைய வண்டி வாங்குகிறவர்கள் தயாரித்த மாதத்தைப் பாருங்கள். புதிது வாங்குகிறவர்கள் எல்.எஃப்.பி.யா, நிக்கல் சேர்ந்த லித்தியம் வகையா என்று கேளுங்கள். எல்.எஃப்.பி. எடை கூடுதல், அதே அளவில் ரேஞ்ச் குறைவு. ஆனால் அதன் பாஸ்பேட் பிணைப்பு ஆக்சிஜனை எளிதில் விடாது. சூட்டைக் கூடுதலாகத் தாங்கும். நம் ஊர் வெயிலுக்கு என் ஓட்டு அதற்குத்தான்.

செல்போனுக்கும் மடிக்கணினிக்கும் இதே விதி. செட்டிங்கில் 80 சதவீதத்தோடு நிறுத்தும் வசதி இருந்தால் போட்டுவிடுங்கள். தலையணைக்கு அடியில் சார்ஜ் போட வேண்டாம். பின்மூடி உப்பினால் உள்ளே திரவம் சிதைந்து வாயு சேர்ந்திருக்கிறது. அழுத்திப் பார்க்காமல், குத்தாமல், அணைத்துச் சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோங்கள்.

குழந்தைகள் உள்ள வீட்டுக்கு ஒன்று. கார் ரிமோட், எடை பார்க்கும் மெஷின், விளையாட்டுப் பொம்மை இவற்றில் உள்ள வட்டமான பட்டன் செல்லைக் குழந்தை விழுங்கினால் அது உணவுக்குழாயில் மாட்டிக்கொள்ளும். நீரைப் பிரிக்க 1.23 வோல்ட்டே அடிப்படை அளவு. அந்தச் செல் 3 வோல்ட். ஈரமான திசுவில் பட்டதும் எதிர்முனைப் பக்கம் காரம் உண்டாகி, இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே திசுவைக் கடுமையாக எரித்துவிடக்கூடும். ரிமோட்டை இயக்க முடியாமல் தீர்ந்துபோன செல்லிலும் இதற்குப் போதுமான மின்னழுத்தம் மிச்சமிருக்கும். வாந்தி எடுக்க வைக்காதீர்கள், காலைவரை பார்க்கலாம் என்று காத்திருக்காதீர்கள். எக்ஸ்ரே வசதி உள்ள ஆஸ்பத்திரிக்கு அந்த நிமிடமே போங்கள். மூடியில் ஸ்க்ரூ இல்லாத பொம்மைகளை வாங்காதீர்கள்.

"ஹைட்ரஜன் வண்டி வரப்போகிறதாமே, அதுவரை பொறுக்கலாமா?" என்றும் சிலர் கேட்கிறார்கள். வீட்டுக்கும் ஸ்கூட்டருக்கும் பொறுக்க வேண்டாம். எரிபொருள் கலம் 1839-லேயே வில்லியம் குரோவ் காட்டியது. ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் எரியாமல், கம்பி வழியே எலக்ட்ரானைக் கைமாற்றி நீராகின்றன. ஒரு மோல் ஹைட்ரஜன் நீராகும்போது வெளிப்படும் 286 கிலோஜூலில் 237 வரை மின்சாரமாக எடுக்கலாம் என்கிறது கோட்பாடு. நடைமுறையில் பாதியளவு கிடைக்கும். அந்த ஹைட்ரஜனை மின்சாரம் செலவழித்து நீரிலிருந்து பிரித்து, அழுத்திச் சேமிக்க வேண்டும் என்பதையும் சேர்த்தால், போட்ட மின்சாரத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் திரும்பும். லித்தியம் பேட்டரியில் பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் திரும்பும். கனமான பேட்டரியைச் சுமக்க முடியாத, நெடுநேரம் ஓடவேண்டிய இடங்களுக்கு ஹைட்ரஜன் பொருந்தலாம். பெரம்பூர் ஐ.சி.எஃப்.பில் 2025-ல் சோதித்த ஹைட்ரஜன் ரயில் பெட்டி அந்த வகை. கொச்சியில் கட்டி, 2024 பிப்ரவரியில் தூத்துக்குடி விழாவில் தொடங்கிவைக்கப்பட்ட படகும் அப்படித்தான்.

இன்வெர்ட்டருக்கே லித்தியம் வாங்கலாமா என்றால், தினமும் பல மணி நேரம் பேட்டரியில் ஓட்டும் வீட்டுக்கும் சோலார் வைத்த வீட்டுக்கும் வாங்கலாம். விலை கூடுதல், தண்ணீர் ஊற்றும் வேலை இல்லை, ஆயுளும் அதிகம். மாதத்தில் ஓரிரு முறை கரன்ட் போகும் வீட்டுக்கு ஈயமே போதும். பழைய இன்வெர்ட்டரில் லித்தியம் பேட்டரியை அப்படியே மாட்டாதீர்கள். ஈயத்துக்கென்று அமைத்த சார்ஜர் அவ்வப்போது 15 வோல்ட்டுக்கு மேல் கொடுக்கக்கூடும். 12 வோல்ட் எல்.எஃப்.பி.யின் உச்சம் 14.6. இன்வெர்ட்டரில் லித்தியம் என்ற தேர்வு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.

தீர்ந்த பேட்டரியை என்ன செய்வது? ஈய பேட்டரியைத் தெருவில் எடை போட்டு வாங்கும் வண்டிக்காரரிடம் போடாதீர்கள், அவர் நூறு இருநூறு கூடக் கொடுத்தாலும். பல இடங்களில் அது ஏதோ ஒரு கொல்லையில் உடைக்கப்பட்டு, அமிலம் மண்ணில் கொட்டப்பட்டு, ஈயம் திறந்த உலையில் உருக்கப்படுகிறது. அந்தப் புகையும் தூசியும் சுற்றுவட்டாரக் குழந்தைகளின் ரத்தத்தில் ஈயமாகச் சேர்ந்து மூளை வளர்ச்சியைக் கெடுக்கும்; அந்தப் பாதிப்பு மீளாது. 2022-ல் வந்த பேட்டரிக் கழிவு விதிகளின்படி, பழையதைத் திரும்பப் பெற்று முறையாக மறுசுழற்சிக்கு அனுப்புவது தயாரிப்பாளரின் பொறுப்பு. புதியது வாங்கும் கடையிலேயே எக்ஸ்சேஞ்சில் கொடுத்து, பில்லில் அதைக் குறிக்கச் சொல்லுங்கள். லித்தியத்தைக் குப்பைத் தொட்டியில் போடவே கூடாது; குப்பை வண்டியில் நசுங்கினால் அங்கேயே தீப்பிடிக்கும். பழைய செல்போன் பேட்டரியின் முனைகளில் இன்சுலேஷன் டேப் ஒட்டி, மின்கழிவு சேகரிக்கும் இடத்தில் கொடுங்கள். கொடுக்கும்வரை வெயில் படாத, சமையலறையிலிருந்து தள்ளிய ஓரத்தில், ஒன்றன்மேல் ஒன்று அடுக்காமல் வைத்திருங்கள்.